இடித்த கான்கிரீட்டை ஜல்லியாக்குவது எப்படி? ராமநாதபுரம் கரையோரத்துக்கான முழு வழிகாட்டி

தொண்டியில் இருந்து சாயல்குடி வரைக்கும் கரையோரமாகப் போனால் ஜல்லி உடைக்கத் தோதான பாறை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மணல், களி, அங்கங்கே கடல்பாறை, அவ்வளவுதான். வீடு கட்ட வேண்டிய ஜல்லி மேற்கிலும் வடக்கிலும் உள்ள மாவட்டங்களில் இருந்து லாரியில் வருகிறது. ராமேஸ்வரம், தங்கச்சிமடம் என்றால் பாம்பன் பாலத்தையும் தாண்ட வேண்டும். கல்லுக்குக் கொடுக்கிற காசோடு லாரி ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

இது ஒரு பக்கம். பழைய வீட்டை இடித்தால் வரும் கான்கிரீட் கட்டிகள் இன்னொரு பக்கம், ஊருணிக் கரையிலும் உப்பங்கழி ஓரத்திலும் போய் விழுகின்றன. வந்த ஜல்லிக்கும் லாரி வாடகை, போகிற இடிபாட்டுக்கும் லாரி வாடகை. இடித்ததை அங்கேயே உடைத்துச் சலித்துப் போட்டால் இரண்டு வாடகையிலும் ஒரு பகுதி மிச்சம்.

ஆனால் மதுரையிலோ கோயம்புத்தூரிலோ செய்கிற மாதிரி இங்கே செய்ய முடியாது. இங்கே எல்லாவற்றையும் உப்புதான் தீர்மானிக்கிறது. காற்றில் உப்பு, கிணற்றில் உப்பு, சில பழைய வீடுகளில் கலவைக்குள்ளேயே உப்பு. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதியைச் சுற்றித்தான் போகும்: உடைத்த கான்கிரீட்டைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், கம்பி இருக்கிற கான்கிரீட்டில் மட்டும் போடாதீர்கள். ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

1000 சதுர அடி மொட்டைமாடித் தளம், 5 அங்குலக் கனம் என்றால் கெட்டியாக 417 கன அடி கான்கிரீட். எடையில் 28 டன்னுக்குப் பக்கம். உடைத்தால் இடைவெளி விழுந்து பொதபொதவென்று பெருகும்; ஏறக்குறைய ஆறு யூனிட் ஆகும் (ஒரு யூனிட் 100 கன அடி). அதைச் சலித்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஜல்லி, மீதி துகளும் தூளும். ஆக மூன்று, மூன்றரை யூனிட் ஜல்லி கையில் நிற்கும். அதே 1000 சதுர அடி முற்றத்துக்கு 4 அங்குலத்தில் பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) தளம் போட இது போதும்.

இதைவிடச் சின்ன வேலையாக இருந்தால் கிரஷர் (கல் உடைக்கும் இயந்திரம்) வரவழைக்காதீர்கள். வண்டி வந்து போகிற கூலியிலேயே லாபம் கரைந்துவிடும். சம்மட்டியால் ஒன்றரை ஜல்லி அளவுக்கு உடைத்து சோலிங்குக்கும் (தரைக்கு அடியில் கல் பரப்புவது) அடித்தளக் கலவைக்கும் பயன்படுத்தினால் போதும். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீடுகள் ஒரே சமயத்தில் இடிபடுகின்றன என்றால் சேர்ந்து வாடகைக்கு எடுக்கலாம். கணக்குப் போடும்போது ஒரு பக்கத்தில் பிரேக்கர் (கான்கிரீட்டை இடிக்கும் இயந்திரம்) மணிக்கூலி, பிரிக்கிற ஆள்கூலி, கிரஷர் வாடகை, டீசல். மறுபக்கத்தில் வாங்காமல் விட்ட ஜல்லியின் விலை, கொட்டப் போகாத லாரி வாடகை, இரும்புக் கடையில் கம்பிக்குக் கிடைக்கும் காசு. கம்பியை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள்தான் "கட்டாது" என்று சொல்கிறார்கள்.

இடிக்கும் முன் கட்டடத்தை நன்றாகப் பாருங்கள்

இந்த வேலையில் முக்கியமான நாள் இதுதான். உடைத்து ஒரே குவியலாக்கிவிட்டால் எது நல்லது, எது உப்பு என்று கடவுளாலும் பிரிக்க முடியாது. இடிக்கும் முன் ஒரு சுத்தியல், ஒரு சுண்ணக்கட்டி, கொஞ்சம் வெள்ளி நைட்ரேட் கரைசல் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

சுத்தியலால் தட்டும்போது 'கணீர்' என்று கேட்டால் கான்கிரீட் கெட்டி. 'பொத்' என்று அமுங்கிக் கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து, மேல்பூச்சு விட்டுப்போயிருக்கிறது. கடலைப் பார்த்த பக்கத்துச் சன்ஷேடும் பால்கனி விளிம்பும் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். துரு வெடித்துக் கம்பி வெளியே தெரிகிற பகுதி எல்லாவற்றிலும் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போடுங்கள். கம்பி அங்கே துருப்பிடித்ததற்குக் காரணமே உப்பு உள்ளே போனதுதான்.

அடுத்து, ஒரு மூலையை உடைத்து உள்முகத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்துக்கு நடுவே நகம் அளவு வெள்ளைச் சில்லு, வளைந்த ஓட்டுத் துண்டு தெரிந்தால் அது சிப்பி. அந்தக் காலத்தில் கடல் மணலைச் சலித்துக் கலவையில் போட்டிருக்கிறார்கள். கரையோர ஊர்களின் பழைய வீடுகளில் இது அபூர்வம் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் உப்பு வெளியில் இருந்து வந்ததல்ல. தளத்தின் நடுப்பகுதியிலும் அதே அளவு இருக்கும்.

கண் பார்வைக்கு மேலே ஒரு சோதனை வேண்டும் என்றால் வெள்ளி நைட்ரேட். வேதிப்பொருள் கடையில் 0.1 நார்மல் கரைசல் என்று கேட்டால் கிடைக்கும். புதிதாக உடைத்த முகத்தில் தூசியை ஊதிவிட்டுத் தெளியுங்கள். கொஞ்ச நேரத்தில் உப்பு இருக்கிற இடம் வெள்ளையாகப் படியும், இல்லாத இடம் பழுப்பாக மாறும். நல்ல கட்டடத்தின் சன்ஷேடு துண்டில் வெளி ஓரத்தில் விரல்கடை அளவு வெள்ளைப் பட்டை, அதற்கு உள்ளே முழுக்கப் பழுப்பு என்று ஒரு கோடு பிரிந்து தெரியும். கடல் மணல் போட்ட வீட்டில் அந்தக் கோடே இருக்காது, முகம் முழுக்க வெள்ளைதான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; விரலில் பட்டால் கறுப்புக் கறை பல நாள் போகாது. ரொம்பப் பழைய, காற்றுப் பட்டுச் சத்துப்போன கான்கிரீட்டில் இந்த நிறம் ஏமாற்றலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் இருந்தால் பின்னால் வருகிற தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள்.

இன்னும் இரண்டு பொருள்கள் கண்ணில் பட்டால் தனியாக ஒதுக்குங்கள். முதலாவது பவளக்கல். கீழக்கரை, தனுஷ்கோடி பக்கத்துப் பழைய சுவர்களில் சுண்ணாம்புக் காரையோடு சேர்த்துப் பவளப்பாறைக் கல்லை வைத்துக் கட்டியிருப்பார்கள். நுண்துளை நிறைந்த கல், உப்பைப் பிடித்துவைத்திருக்கும், ஜல்லிக்கு ஆகவே ஆகாது. தவிர, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதனால் பழைய சுவர்க் கல்லாகவே இருந்தாலும் உடைக்கவோ விற்கவோ கிளம்பாமல், வனத்துறையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இரண்டாவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதை உடைக்காமல், தண்ணீர் தெளித்து, முழு ஷீட்டாகக் கழற்றி இறக்குங்கள். ஒரு துண்டு கூட கிரஷருக்குள் போகக் கூடாது.

இடிப்பதும் பிரிப்பதும்

ஊராட்சி அல்லது நகராட்சியில் அனுமதி, மின் இணைப்புத் துண்டிப்பு, பக்கத்துச் சுவருக்கு முட்டு. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே, நீட்டவில்லை.

ஒப்பந்தக்காரரிடம் பேசும்போதே "இடித்து அள்ளுவது" என்று பேசாதீர்கள். "பிரித்து இறக்குவது" என்று பேசுங்கள். கூலி கொஞ்சம் கூடும். ஆனால் வரிசை சரியாக இருக்கும்: முதலில் கதவு, ஜன்னல், மரம், பிளாஸ்டிக் குழாய், ஒயர். அப்புறம் தளத்தின் மேல் இருக்கும் தட்டோடு, சுண்ணாம்புச் செங்கல் ஜல்லி. மொட்டைமாடியில் வெயில் தாங்கப் போட்ட அந்தச் செங்கல் ஜல்லிக் காரையைத் தளத்தோடு சேர்த்து உடைத்துவிட்டால் முழு ஜல்லியும் கெட்டது என்று அர்த்தம். பூச்சும் ஜிப்சம் சீலிங்கும் தனியாக வரவேண்டும். ஜிப்சத்தில் இருக்கும் சல்பேட் புதுக் கலவையை உள்ளேயே வெடிக்க வைக்கும். கடைசியாகத்தான் பிரேக்கர் தளத்திலும் பீமிலும் இறங்க வேண்டும்.

கீழே மூன்று குவியல் போடுங்கள். தட்டினால் கணீர் என்ற, வெள்ளி நைட்ரேட்டில் பழுப்பான கான்கிரீட் முதல் குவியல். சுண்ணக்கட்டிக் குறி போட்டதும் சிப்பி தெரிந்ததும் இரண்டாவது. செங்கல், காரை, ஓடு மூன்றாவது. குவியலுக்கு நடுவே நடக்க இடம் விடுங்கள். இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் மூன்றும் ஒன்றாகிவிடும்.

உடைப்பதும் சலிப்பதும்

பிரேக்கர் தளத்தைத் தலையளவு கட்டிகளாக உடைத்துப் போடும். அதில் கம்பியை வெட்டி எடுத்து, வளைந்ததை நிமிர்த்தாமல் அப்படியே இரும்புக் கடைக்கு அனுப்புங்கள். பழைய கம்பியை நிமிர்த்திப் புதுக் கட்டடத்தில் போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. துருவும் வளைவும் பட்ட கம்பியை வேலியில் கட்டக்கூட யோசிக்க வேண்டும்.

சின்ன ஜா கிரஷரிலோ, எக்ஸ்கவேட்டரில் மாட்டுகிற கிரஷர் பக்கெட்டிலோ கட்டிகளைப் போடுங்கள். முதல் குவியலை முடித்துவிட்டு, இயந்திரத்தைத் துடைத்த பிறகுதான் இரண்டாவதைத் தொட வேண்டும். தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைக்க வேண்டும். பறக்கிற தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்கு எமன். துணியை முகத்தில் கட்டினால் போதாது, தூசிக்கென்று விற்கிற முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

சல்லடைகள் மூன்று போதும்: 40, 20, 5 மி.மீ. 40-ல் நிற்பது திரும்ப உடைக்க. 40-க்கும் 20-க்கும் நடுவே உள்ளது ஒன்றரை ஜல்லி, 20-க்கும் 5-க்கும் நடுவே உள்ளது முக்கால் ஜல்லியும் அரை ஜல்லியும் கலந்தது. 5-க்குக் கீழே விழுவது துகள். அந்தத் துகளை எம் சாண்ட் என்று நினைத்துக் கலவையில் போடாதீர்கள். பழைய சிமென்ட் பால் முழுக்க அதில்தான் சேர்ந்திருக்கும், தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கும், உப்பிலும் பெரும்பங்கு அதில்தான்.

ஜல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தால் கருங்கல் ஜல்லிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். கல்லின் ஒரு முகம் பளிச்சென்று இருக்கும், மறுமுகத்தில் பழைய காரை சாம்பல் தோலாக ஒட்டியிருக்கும். எடை குறைவதற்கும் நீர் உறிஞ்சுவதற்கும் அந்தத் தோல்தான் காரணம். இரண்டு முறை கிரஷரில் விட்டால் தோல் கொஞ்சம் உதிரும். ஆனால் துகள் கூடும், ஜல்லி குறையும். பி.சி.சி. வேலைக்கு ஒரு முறையே போதும் என்பது என் கருத்து.

மழையில் கழுவுவது

இந்த ஊரில் நல்ல தண்ணீரை ஜல்லி கழுவச் செலவழிப்பது பாவம். போர்வெல்லில் உப்பு, குழாயில் வருகிற கூட்டுக் குடிநீர் குடிக்கவே காணாது. உப்புத் தண்ணீரால் கழுவினால் இருந்த உப்போடு இன்னும் கொஞ்சம் சேரும்.

நமக்கு மழை வருவது ஐப்பசி, கார்த்திகையில். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். புரட்டாசிக்குள் உடைத்து முடித்துவிட்டால், ஜல்லியை ஒரு அடிக்கு மேல் உயரம் போகாமல் பரப்பி வையுங்கள். அடியில் பழைய தார்ப்பாய் விரித்து, ஒரு பக்கம் சரிவு கொடுத்து, வழிகிற தண்ணீர் வெளியே ஓட வாய்க்கால் வெட்டுங்கள். வெறும் தரையில் கொட்டினால் அடி ஜல்லி நிலத்தின் உப்பைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இரண்டு பெரிய மழைக்கு நடுவே ஒரு முறை மண்வெட்டியால் புரட்டிவிடுங்கள்.

வழிந்து வருகிற தண்ணீர் சாதாரணத் தண்ணீர் அல்ல. புதிதாக உடைத்த கான்கிரீட்டில் இருந்து சுண்ணாம்பு கரைந்து வரும், காரத்தன்மை அதிகம். ஊருணிக்கோ, கிணற்றடிக்கோ, இறால் பண்ணைக்கோ போகாதபடி ஒரு குழியில் தேக்குங்கள். அதில் கை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு ரப்பர் கையுறை கட்டாயம்.

மழை கழுவுவது மேலோட்டமாக இருக்கிற உப்பை மட்டும்தான். பழைய சிமென்ட்டோடு வேதிப்பிணைப்பில் பூட்டிக்கொண்ட குளோரைடு (உப்பில் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற பகுதி) ஒரு பருவ மழையில் வராது. அதனால் இரண்டாவது குவியலை எவ்வளவு நனைத்தாலும் முதல் குவியலாக மாற்ற முடியாது.

சோதனை

வீட்டு வாசலிலேயே இரண்டு சோதனை செய்யலாம்.

ஒன்று, உப்புக் கணக்கு. குவியலின் பல இடங்களில் இருந்து எடுத்துக் கலந்து, 10 மி.மீ.க்குக் கீழே நொறுக்கி, காய்ந்த ஒரு கிலோவை எடுங்கள். மழைத்தண்ணீர் அல்லது சுத்திகரித்த தண்ணீர் 2 லிட்டரில் போட்டு மூடி ஒரு நாள் வையுங்கள், நடுநடுவே குலுக்கிவிடுங்கள். தெளிந்த நீரைக் குடிநீர் பரிசோதனை செய்கிற ஆய்வகத்தில் கொடுத்து, குளோரைடு மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஊற வைத்த அதே தண்ணீரில் வெறும் மாதிரி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள், கழித்துக்கொள்ள. ஜல்லிக்கான இந்தியத் தர விதிமுறை ஐ.எஸ். 383 (2016) இந்த வகை ஜல்லிக்கு வைத்திருக்கும் வரம்பு, அமிலத்தில் கரையும் குளோரைடு 0.04 சதவீதம். ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராம். அது முழுக்க நம் 2 லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 200 மில்லிகிராம் காட்டும். தண்ணீரில் கரைவது எப்போதும் அமிலத்தில் கரைவதைவிடக் குறைவு. எனவே இந்த எளிய சோதனையிலேயே 200-ஐத் தொட்டால் அந்த ஜல்லி நிச்சயம் தேறாது. நன்றாகக் கீழே இருந்தால் மட்டும் அமிலச் சோதனைக்குக் காசு செலவழியுங்கள்.

கையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரை இதற்கு நம்பாதீர்கள். கரைந்த சுண்ணாம்பையும் சேர்த்தே அது எண்ணும். உப்பே இல்லாத கான்கிரீட்டுக்கும் பயமுறுத்துகிற எண் வரும்.

இரண்டாவது, தண்ணீர் குடிக்கும் அளவு. இரண்டு கிலோ ஜல்லியை இரும்புச் சட்டியில் வறுத்துக் காய வைத்து எடை போடுங்கள். ஒரு நாள் ஊற வைத்து, துணியில் ஒற்றி, மேலே ஈரப் பளபளப்புப் போனதும் திரும்ப எடை போடுங்கள். 2000 கிராம் 2110 ஆனால் 5.5 சதவீதம். கருங்கல் ஜல்லி ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். இது நாலு, ஐந்து, ஆறு என்று போகும். விதிமுறைப்படி 5 வரைக்கும் சரி. 10 வரைக்கும் போகலாம், ஆனால் கலவைக்கு முன் ஊற வைத்தே ஆக வேண்டும். அதற்கும் மேலே என்றால் நிரப்புக்குத்தான்.

ஆய்வகத்தில் ஜல்லியின் இம்பாக்ட் மதிப்பையும் (அடித்தால் எத்தனை சதவீதம் நொறுங்குகிறது என்பது) பார்த்துவிடுங்கள். வண்டி ஓடித் தேய்கிற தளத்துக்கு 30-க்கு மேலே போகக்கூடாது, மற்ற வேலைக்கு 45 வரைக்கும் ஏற்கலாம்.

எங்கே போடலாம், எங்கே கூடாது

தளத்தில் வேலை செய்யும்போது இந்தக் கேள்வி வராத நாளில்லை. மேஸ்திரி ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டிக் கேட்பார்: "இதுவும் ஜல்லிதானே சார், தூண்ல போட்டா என்ன? கணீர்னு இருக்கு." பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பதில் ஜல்லியின் பலத்தில் இல்லை, கம்பியில் இருக்கிறது.

விதிமுறை என்ன சொல்கிறது? ஐ.எஸ். 383 படி, கான்கிரீட்டை மட்டும் உடைத்து எடுத்த ஜல்லியைக் கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை சேர்க்கலாம், அதுவும் எம் 25 தரம் வரைக்கும்தான் (எம் எண் கூடக் கூடக் கான்கிரீட்டின் பலம் கூடும்). கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம். எம் 15-க்குக் கீழே உள்ள மெலிந்த கலவையில் முழுவதும், அதாவது 100 சதவீதம். செங்கலும் காரையும் கலந்த ஜல்லி என்றால் மெலிந்த கலவைக்கு மட்டும்தான் அனுமதி.

இப்போது இன்னொரு விதிமுறையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 (2000) படி, கடலோரச் சூழல் நேரடியாகப் படும் ஆர்.சி.சி. (கம்பி போட்ட கான்கிரீட்) குறைந்தது எம் 30 இருக்க வேண்டும். கடல் நீர்த் திவலை தெறிக்கிற இடத்தில் எம் 35, அலை ஏறி இறங்குகிற இடத்தில் எம் 40. மறுசுழற்சி ஜல்லிக்கு உச்சவரம்பு எம் 25, கரையோர வீட்டுக்குக் கீழ்வரம்பு எம் 30. இரண்டும் சந்திக்கவே இல்லை. நான் ஆரம்பத்தில் சொன்ன விதி இங்கிருந்துதான் வருகிறது. உப்புக்காற்று மறைந்த உட்புறத் தூணுக்கு எம் 25 போதும் என்று ஒரு வழி இருக்கிறதுதான். ஆனால் மிச்சமாகிற அரை யூனிட் ஜல்லிக்காக அந்த வழியில் போவானேன்?

எண்ணாகவே பார்க்கலாம். ஒரு கன மீட்டர் ஆர்.சி.சி.யில் சிமென்ட், மணல், தண்ணீர், ஜல்லி எல்லாம் சேர்த்துக் குளோரைடு 0.6 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. ஏறக்குறைய 1000 கிலோ ஜல்லியில் 20 சதவீதம் என்றால் 200 கிலோ. அது வரம்புக்குள் 0.04 சதவீதம் இருந்தால் 80 கிராம் உப்புதான், தாங்கலாம். அதே 200 கிலோ, கடல் மணல் வீட்டில் இருந்து 0.3 சதவீதத்தோடு வந்தால் அதுவே 600 கிராம். மொத்த வரம்பையும் அது ஒன்றே தின்றுவிடும். வெளியில் இருந்து அடிக்கப்போகிற உப்புக்காற்றுக்கு முன்பே கம்பிக்குள் துரு தயாராக இருக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட வேண்டியிருந்தது. நம் வீட்டுச் சாதாரணக் கம்பி எம்மாத்திரம்?

சரி, தாராளமாக எங்கே போடலாம் என்று பார்ப்போம்.

முதல் குவியல் ஜல்லிக்கு நல்ல இடம் பி.சி.சி.தான்: காம்பவுண்டுச் சுவரின் கருங்கல் அஸ்திவாரத்துக்கு அடித்தளம், முற்றம், கார் நிறுத்துமிடத்தின் அடிப்படுகை, வலை காயப்போடும் களம், கருவாட்டுக் களம். 1:4:8, 1:3:6 (சிமென்ட், மணல், ஜல்லி விகிதம்) கலவைகளில் முழுக்க முழுக்க இதையே போடலாம். கம்பி இல்லாத எம் 20 மேல்தளம் என்றால் நாலில் ஒரு பங்கு. ஆர்.சி.சி. பூட்டிங்குக்கு (தூணின் அடிப்பாதம்) அடியில் போடும் பெட் கான்கிரீட்டுக்கு உப்புச் சோதனையில் தேறிய ஜல்லியை மட்டும் எடுங்கள். அதன் மேல்தான் கம்பிக்கூடை உட்காரப்போகிறது.

இரண்டாவது குவியல் சாலைக்கு: தோப்புக்குள் போகும் வண்டிப்பாதை, கிராவலுக்கு அடியில் சோலிங். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 121 என்ற 2017 வழிகாட்டுதலே சாலை வேலைக்குக் கட்டடக் கழிவைப் பயன்படுத்தும் முறையைச் சொல்கிறது. இதை வீட்டுப் பேஸ்மென்ட் நிரப்ப மட்டும் கொட்டிவிடாதீர்கள். அதில் இருக்கும் உப்பு ஈரத்தோடு சுவரில் ஏறி, இரண்டடி உயரத்துக்குப் பூச்சு பூத்து உதிரும். அப்புறம் வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிற வேலைதான். சுவரில் இருந்து தள்ளியே இருக்கட்டும்.

மூன்றாவது குவியலில் முழுச் செங்கல் இருந்தால் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியைப் பள்ளம் நிரப்ப வைத்துக்கொள்ளலாம்.

மழைநீர் சேகரிப்புக் குழியில் எந்தக் குவியலையும் போடாதீர்கள். சுண்ணாம்பு கரைந்து தண்ணீர் கடினமாகும், குழியும் நாளடைவில் அடைத்துக்கொள்ளும். அதற்குக் கூழாங்கல் வாங்குங்கள்.

கலவை

முந்தின நாள் சாயங்காலமே ஜல்லியை நனைத்து, சாக்கைப் போட்டு மூடுங்கள். காலையில் தண்ணீர் வடிந்து, கல் ஈரமாகவும் மேல்முகம் சொட்டாமலும் இருக்க வேண்டும். காய்ந்த ஜல்லியை அப்படியே மிக்சரில் போட்டால் கலவைத் தண்ணீரை அது குடித்துவிடும். பத்து நிமிஷத்தில் கலவை இறுகும், சித்தாள் யாருக்கும் தெரியாமல் இன்னொரு வாளி ஊற்றுவார், அதோடு பலம் போச்சு.

1:3:6-க்கு ஒரு மூட்டை சிமென்ட் (1.25 கன அடி), மணல் 3.75 கன அடி, ஜல்லி 7.5 கன அடி. தண்ணீர் 34 லிட்டர் உச்சவரம்பு. 1:4:8-க்கு மணல் 5, ஜல்லி 10, தண்ணீர் 45 லிட்டர். ஜல்லியிலும் மணலிலும் ஏற்கெனவே இருக்கும் மேல் ஈரத்தை இதில் கழித்துக்கொள்ளுங்கள். அளவுப் பெட்டி இல்லாமல் சட்டிக் கணக்கில் போட்டால் இந்த எண்களுக்கு அர்த்தமில்லை. ஒரு கன அடி மரப்பெட்டி ஒன்று செய்து வையுங்கள்.

மிக்சரில் போடும் வரிசையும் உதவும். முதலில் மணலும் ஜல்லியும், பாதித் தண்ணீர், ஒரு நிமிஷம் சுற்றல். பிறகு சிமென்ட், அரை நிமிஷம். கடைசியில் மீதித் தண்ணீர், இரண்டு நிமிஷம். சிமென்ட் பால் முதலில் பழைய காரைத் தோலின் வெடிப்புகளுக்குள் இறங்கி அடைக்கும், ஒட்டுதல் கூடும்.

எந்தத் தண்ணீர்? கம்பி இல்லாத கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை விதிமுறை ஏற்கிறது, கம்பி இருந்தால் 500 தான். எனவே கொஞ்சம் உவர்ப்பான கிணற்றுத் தண்ணீர் முற்றத்துத் தளத்துக்கு ஆகலாம். ஆனால் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துத்தான் சொல்ல முடியும், நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. சிமென்ட் கரையோரத்துக்கு பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமென்ட்) அல்லது ஸ்லாக் (இரும்பாலைக் கசடு கலந்த) சிமென்ட் நல்லது.

இந்த ஜல்லி போட்ட தளம் காயும்போது சாதாரணத் தளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கும். அதனால் பத்தடிக்கு ஒரு இணைப்புக் கோடு விடுங்கள், மதிய வெயிலில் போடாதீர்கள். மண்டபம் பக்கத்துக் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். தளம் போட்ட அன்றைக்கே ஈரச் சாக்கு விரித்துவிட வேண்டும். பி.பி.சி. என்றால் இரண்டு வாரம் ஈரம் காயக்கூடாது.

முதல் நாள் கலவையில் இருந்து பலம் சோதிக்க 150 மி.மீ. கியூப் ஆறு எடுத்து வையுங்கள், மூன்று ஏழாம் நாளுக்கு, மூன்று இருபத்தெட்டாம் நாளுக்கு. முற்றத்துக்குக் கியூப் எதற்கு என்று சிரிப்பார்கள். அடுத்த வீட்டுக்காரர் இதே ஜல்லியைக் கேட்டு வரும்போது அந்தச் சோதனைச் சீட்டுதான் பேசும்.

சட்டமும் மிச்சமும்

கட்டடக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 மார்ச்சில் வந்தன. ஒரு நாளைக்கு 20 டன், அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேல் கழிவு வந்தால் பிரித்து, திட்டம் எழுதி, உள்ளாட்சியிடம் கொடுக்க வேண்டும் என்றது. அதற்குப் பதிலாக 2025-ல் அறிவித்த புது விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கட்டுமானங்களுக்குத்தான் இதில் சுமை அதிகம். தனி வீட்டுக்காரருக்கு முக்கியமானது வேறு: கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டித் தரை நிரப்புவது தடை செய்யப்பட்ட செயல். கடல் அரிக்கிறது என்று வீட்டுக்குப் பின்னால் கான்கிரீட் கட்டிகளை அடுக்குவதும் இதில் மாட்டும். அடுத்த பருவத்தில் அலை அந்தக் கட்டிகளைப் பக்கத்து வள்ளம் இழுக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ப் போடும் என்பது வேறு விஷயம்.

மிச்சமாகிற துகளைப் பேவர் பிளாக்குக்கு அடியில் இரண்டு அங்குலப் படுகையாக விரிக்கலாம், அல்லது குழாய் புதைத்த பள்ளத்தை மூடலாம். வாழைக்கோ தென்னைக்கோ பக்கத்தில் கொட்டாதீர்கள், காரமும் உப்பும் வேருக்கு ஆகாது. உடனே வேலை இல்லை என்றால் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். ஆடிக் காற்று வந்தால் முழுத் தூளும் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில்தான் இருக்கும்.